உங்களுக்குத் தெரியுமா? பிளந்த விறகில் குடியிருப்பவர்கள்

கோடாலி இறங்கிக் கட்டை இரண்டாகும்போது உள்ளே கொழுத்த வெள்ளைப் புழு ஒன்று நெளியும். சில கட்டைகளில் ஊசித் துளைகள். சிலவற்றில் கையில் எடுத்ததுமே பொலபொலவென்று மாவு உதிரும். உடனே வீட்டில் ஒருவர், "போச்சு, இனி கதவு நிலையெல்லாம் அரிச்சிடும்" என்பார். இன்னொருவர் பூச்சிமருந்து டப்பாவைத் தேடுவார். டப்பா இருந்த இடத்திலேயே இருக்கட்டும். முதலில் இந்தப் பக்கத்தைப் படியுங்கள். காஸ் அடுப்பு வந்த பிறகும் கல்யாணச் சமையல், பிரியாணி அண்டா, வெந்நீர் அடுப்பு, செங்கல் சூளை என்று விறகை விடாத இடங்கள் நம்மிடம் நிறையவே இருக்கின்றன.

பொடியைப் பார்த்தால் ஆள் தெரியும்

விறகுக்குள் இருப்பது யார் என்று அறியப் பூச்சியைப் பிடிக்க வேண்டியதில்லை. கீழே கொட்டிக் கிடப்பதைப் பார்த்தாலே போதும். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் முகப்பவுடர் போல வழுக்குகிறதா? கட்டையில் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலத்தில் துளைகள் இருக்கின்றனவா? அது லிக்டஸ் வகை உளுவண்டு. பொடி சற்று நரநரவென்று, துளைக்குள்ளேயே இறுகி அடைந்திருந்தால் அதன் ஒன்றுவிட்ட உறவான சைனாக்ஸிலான். நார் நாராக மரச்சீவல் வெளியே தள்ளப்பட்டிருந்தால் நீள்கொம்பு வண்டின் புழு.

பொடியே இல்லாமல் கசகசா அளவில் மணி மணியாகக் குவிந்திருந்தால், மண்ணைத் தொடாமல் மரத்துக்குள்ளேயே வாழும் உலர்மரக் கறையான். அந்த மணி ஒவ்வொன்றும் அதன் எச்சம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நீளவாக்கில் ஆறு பட்டைகள் ஒழுங்காகத் தெரியும்.

சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில், துளைப்பான் வைத்துப் போட்ட மாதிரி வட்டத் துளை என்றால் நம் கருவண்டு. அது உண்மையில் ஒரு தேனீ. மரத்தைத் தின்னாது, முட்டையிட அறை கட்டத்தான் குடைகிறது. மூஞ்சிக்கு நேரே ரீங்கரித்து மிரட்டுவது பெரும்பாலும் ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது.

துளை இருக்கிறது, உள்ளே பொடி துளியும் இல்லை, துளையின் சுவர் மட்டும் கறுத்திருக்கிறது என்றால் வந்திருப்பவர் ஒரு விவசாயி. அவருக்குத் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

சாராய வாசனைக்கு வருகிறவர்கள்

வெட்டுப்பட்ட மரமும் சாகக் கிடக்கும் மரமும் எத்தனாலைக் கசியவிடுகின்றன. சாராயத்தில் இருக்கும் அதே எத்தனால்தான். நம் மூக்குக்கு எட்டாத அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு துளைக்கும் வண்டுகள் பறந்து வருகின்றன. மரம் சாய்ந்த அன்றே வந்து இறங்குவதும் உண்டு. ஆராய்ச்சியாளர்கள் இவற்றுக்குப் பொறி வைக்கும்போது உள்ளே தொங்கவிடுவதும் எத்தனால் பொட்டலத்தைத்தான்.

ஆகவே, "நேற்றுத்தான் வெட்டினோம், அதற்குள் எப்படிப் பூச்சி?" என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள். ஒன்று, மரம் நிற்கும்போதே உள்ளே இருந்தது. அல்லது, வெட்டிய வாசனைக்கு வந்து சேர்ந்தது.

மனிதனுக்கு முந்திய விவசாயி

அம்புரோசியா வண்டு என்று ஒரு கூட்டம். ஆள் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். கட்டையைத் துளைக்கும், ஆனால் கட்டையைத் தின்னாது. துளைத்த பொடியை எல்லாம் வெளியே தள்ளிவிட்டுச் சுரங்கத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும். தாய் வண்டு தன் உடம்பில் இதற்கென்றே உள்ள பையில் பூஞ்சை வித்துகளைச் சுமந்து வந்து, சுரங்கச் சுவரில் விதைக்கும். சுவர் கறுத்திருப்பது அந்தப் பூஞ்சையால். முளைத்து வருவதைத்தான் தாயும் குஞ்சும் தின்கின்றன. மனிதன் பயிர் செய்யத் தொடங்கிச் சுமார் பத்தாயிரம் ஆண்டுகள் இருக்கும். இந்த வண்டுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் செய்து வருகின்றன.

பயிர் என்று வந்துவிட்டால் தண்ணீர் வேண்டுமே! அங்கேதான் நமக்குப் பிடி கிடைக்கிறது. கட்டையில் ஈரம் இருக்கும்வரைதான் பூஞ்சை வளரும். பிளந்து வெயிலில் பரப்பினால் பூஞ்சை பட்டுப்போகும், பின்னாலேயே வண்டும் போய்விடும். காய்ந்த விறகுக்கோ உங்கள் வீட்டு நாற்காலிக்கோ இது ஒருநாளும் குடிபோகாது. எந்த மருந்தும் வேண்டாம்.

இந்தக் கூட்டத்தில் பல இனங்களின் ஆணுக்குப் பறக்கவே தெரியாது என்பது உபரித் தகவல். பிறந்த சுரங்கத்திலேயே அதன் ஆயுள் முடிந்துவிடும்.

லயத்து அடுப்புக்கு வரும் மிலாறு

இலங்கை மலையகத்திலும் வால்பாறைப் பக்கத்துத் தோட்டங்களிலும் தேயிலைக் கிளையைத் துளைக்கும் 'ஷாட் ஹோல் போரர்' இதே விவசாயிக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இலங்கையிலிருந்து போன மாதிரியை வைத்து 1868-ல் ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஐக்காஃப் அதற்குப் பெயரிட்டார். துளைபட்ட கிளை அந்த இடத்திலேயே சடக்கென்று முறியும், கொழுந்து குறையும்.

கவ்வாத்து வெட்டி முடிந்ததும் தொழிலாளர் குடும்பங்கள் மிலாறை, அதாவது வெட்டி விழுந்த தேயிலைக் கிளைகளை, கட்டாகக் கட்டிச் சுமந்து வந்து தங்கள் லயத்துக் குடியிருப்பின் அடுப்பில் எரிப்பது நெடுநாள் வழக்கம். துளைபட்ட மிலாறு காய்ந்து அடுப்புக்குள் போகும்போது உள்ளே மிச்சமிருக்கும் வண்டும் சேர்ந்தே போகிறது. தோட்டத்துக்குச் செலவில்லாத பூச்சி ஒழிப்பு. இதற்கென்று கூலி யாரும் கொடுத்ததில்லை.

இந்தத் தேயிலை வண்டின் நெருங்கிய உறவினம் ஒன்று 2021-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் கண்டுபிடிக்கப்பட்டது. தெருவோர மரங்களும் பூங்கா மரங்களும் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டன. நகரப் பகுதியிலிருந்து பதப்படுத்தாத மரத்தையும் விறகையும் வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு வந்தது. அத்தனைக்கும் காரணமான வண்டின் நீளம் 2 மில்லிமீட்டர்.

தண்ணீருக்குக் கொடுக்கும் காசு

பச்சை மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை தண்ணீர். அந்தத் தண்ணீர் ஒரு கிலோவை ஆவியாக்க மட்டும் சுமார் 150 கிராம் காய்ந்த விறகு எரிய வேண்டும். அந்த வெப்பம் அண்டாவுக்கு வராது, புகையாய்ப் போய்விடும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு எரிப்பதே சரி.

ஈரமானி இல்லாவிட்டால் என்ன? இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்' என்று கணீரென ஒலிக்கும், ஈரம் 'தொப்'பென்று அமுங்கும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விரிசல் ஓடியிருக்க வேண்டும். பட்டை தானாகக் கழன்று வர வேண்டும். பட்டை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். துளைக்கும் வண்டுகளில் பல, பட்டை இடுக்கில்தான் முட்டையிடுகின்றன. நேரமிருந்தால் பட்டையை உரித்துப் போடுங்கள். ஈரமும் சீக்கிரம் போகும், முட்டையிடும் இடமும் போகும். பிளக்காத உருட்டுக்கட்டையைவிடப் பிளந்த விறகு சீக்கிரம் காய்வதும் இதே கணக்கில்தான்.

விறகைத் தார்ப்பாயால் தலைமுதல் கால்வரை போர்த்தி வைப்பவர்கள் நிறைய உண்டு. அது விறகுக்குச் செய்யும் உபகாரம் அல்ல, பூஞ்சைக்குச் செய்யும் உபகாரம். மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள்.

ருசி பார்த்து முட்டையிடும் வண்டு

அம்புரோசியா வண்டைப் போல எல்லா விறகுப் பூச்சியும் வீட்டு மரத்தை விட்டுவைப்பதில்லை. மேலே சொன்ன லிக்டஸ் அப்படிப்பட்டது. இது காய்ந்த மரத்தையே தேடி வரும். நிலை, ஜன்னல், பலகை எதுவானாலும் சரி. ஆனால் அதற்கு மாவுச்சத்து வேண்டும். தாய் வண்டு முட்டையிடும் முன் கட்டையைக் கடித்துப் பார்க்கும். மாவுச்சத்து இருந்தால் மட்டுமே மரத்தின் நுண்குழாய்களுக்குள் முட்டையைச் செருகும். குழாய் மெல்லியதாக இருந்து முட்டை நுழையாவிட்டால் அந்த மரத்தை விட்டுவிடும்.

மாவுச்சத்து இருப்பது வெளிப்பக்க வெளிறில். நடுவில் உள்ள வைரத்தில் இருக்காது. வைரம் பாய்ந்த கட்டை உளுக்காது என்று ஆசாரிமார் சொல்வதன் ரகசியம் இதுதான். தேக்கின் வைரத்தில் கறையானுக்கு ஆகாத வேதிப்பொருளும் சேர்ந்திருக்கிறது. அதே தேக்கின் வெளிறுப் பலகையை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால் சில வருடங்களில் மாவாகிவிடும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் விறகு எரிப்பவர்களுக்கு இந்த மாவு பழகிப்போன காட்சி. ரப்பர் மரத்தில் வெளிறு, வைரம் என்ற பிரிவே சரியாகக் கிடையாது, எல்லாம் மாவுச்சத்து. வெட்டிப் போட்ட சில நாளில் சைனாக்ஸிலான் வந்துவிடும். மரச்சாமான் செய்பவர்கள் ரப்பர் பலகையை போரிக் அமிலமும் வெங்காரமும் கலந்த கரைசலில் அழுத்தம் கொடுத்து ஊற வைப்பது இதனால்தான்.

மூங்கில் இன்னும் மோசம். வன்மை முழுவதும் வெளியே, மாவு முழுவதும் உள்ளே. புறத்தே வன்மை உடையவற்றை 'புல்' என்றும் அகத்தே வன்மை உடையவற்றை 'மரம்' என்றும் தொல்காப்பியத்தின் மரபியல் பிரித்துவிட்டது. தாவரவியலாளர்கள் மூங்கிலைப் புல் குடும்பத்தில்தான் வைக்கிறார்கள். இந்தப் பிரிவு யாருக்குப் புரிந்ததோ இல்லையோ, உளுவண்டுக்குப் புரிந்திருக்கிறது. மூங்கிலின் உட்புறத்திலிருந்துதான் தொடங்கும்.

வெட்டிய மூங்கிலைச் சில வாரம் குளத்திலோ ஓடையிலோ அமிழ்த்தி வைத்து எடுத்தால் மாவும் சர்க்கரையும் கரைந்துபோய் வண்டுக்கு உள்ளே இரை இருக்காது. அடுப்புக்கு மேலே பரணில் கிடந்த மூங்கில் பல வருடம் உளுக்காமல் இருந்ததற்கு வேறு காரணம்: புகை. காஸ் வந்து புகை நின்ற வீடுகளில் அதே பரணிலிருந்து மாவு கொட்டத் தொடங்கியதைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். புகை வேண்டும் என்று வாதாட நான் வரவில்லை. அம்மாக்களின் நுரையீரல் பரணைவிட முக்கியம்.

மாங்கட்டைக்குள் ஒரு ராட்சசன்

பட்டுப்போன மாமரத்தை வெட்டிப் பிளந்தவர்கள் மறக்க முடியாத காட்சி இது. விரல் தடிமனும் விரல் நீளமும் கொண்ட, காலில்லாத, மஞ்சள் கலந்த வெள்ளைப் புழு. தலைப்பக்கம் அகன்று, பழுப்பு நிறத் தாடை மட்டும் மினுங்கும். மாமரத் தண்டுத் துளைப்பான், அறிவியலில் பட்டோசெரா. பெரும்பாலும் மரம் பட்டதற்குக் காரணமே அதுதான். வளர்ந்து வெளியே வரும் வண்டு சாம்பல் பழுப்பில் ஐந்து சென்டிமீட்டர் நீளம், கழுத்துப் பட்டையில் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள், உடம்பைவிட நீளமான இரண்டு கொம்புகள். முதுகைப் பிடித்துத் தூக்கினால் 'கீச் கீச்' என்று கத்தும். வாயால் அல்ல, கழுத்துப் பகுதியை உடம்போடு உரசி.

இரவில் விறகுக் குவியலிலிருந்து 'கறுக், கறுக்' என்று சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். நீள்கொம்பு வண்டின் புழு மெல்லும் சத்தம் அது. காதுக்கு நன்றாகவே கேட்கும்.

பிளக்கும்போது கிடைக்கும் புழுக்களை என்ன செய்வது? வீட்டில் கோழி இருந்தால் கேள்வியே இல்லை, கோடாலிச் சத்தம் கேட்டதுமே பக்கத்தில் வந்து நிற்கப் பழகிவிடும். ஜப்பானின் மலைக் கிராமங்களில் முன்பு விறகு பிளக்கும் நாள் குழந்தைகளுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. கட்டையிலிருந்து விழும் நீள்கொம்புப் புழுவைத் தணலில் சுட்டுத் தின்றார்கள். நாகாலாந்துச் சந்தைகளில் மரப்புழு இன்றும் நல்ல விலைக்குப் போகிறது. முகம் சுளிக்கும் முன் நம்மூர் ஈசலை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்குப் பிந்திய மாலையில் பிடித்து, இறக்கை புடைத்து, அரிசியோடு வறுத்துத் தின்னும் ஈசல் என்பது சிறகு முளைத்த கறையான்தானே.

51 வருடம் காத்திருந்தது

1983-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பகுதியில் ஒரு வீட்டு மாடிப்படி மரத்திலிருந்து பளபளக்கும் பச்சை வண்டு ஒன்று வெளியே வந்தது. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும் இனம் அது. மரம் வெட்டப்பட்டபோது உள்ளே இருந்த புழு, காய்ந்த பலகையில் சத்துப் போதாமல் மெல்ல மெல்ல வளர்ந்து வெளியே வர 51 ஆண்டுகள் ஆகியிருந்தன. கின்னஸ் பதிவில் இடம்பெற்ற சேதி. நம் விறகு அவ்வளவு நாள் கிடக்கப்போவதில்லை. ஆனால் போன வருடம் அடுக்கிய காய்ந்த விறகிலிருந்து இந்த வருடம் வண்டு பறந்தால், புதிதாக வந்ததென்று எண்ண வேண்டாம்.

ஈயத்தைத் துளைத்தது

சைனாக்ஸிலானின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வண்டு கலிபோர்னியாவில் தொலைபேசிக் கம்பிகளின் ஈய உறையைத் துளைத்தது. மழைநீர் உள்ளே இறங்கி இணைப்புகள் செத்தன. அதற்கு அங்கே 'ஷார்ட் சர்க்யூட் வண்டு' என்றே பெயர். 1922-ல் அமெரிக்க வேளாண் துறை இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. அதன் பிறந்த வீடு? வெட்டிப் போட்ட ஓக் மரக் கட்டைகளும் விறகும்.

தீயைத் தேடிப் பறப்பது

பூச்சி என்றால் தீயைக் கண்டு ஓடும். மெலனோஃபிலா வண்டு தீயை நோக்கிப் பறக்கும். அதன் மார்புப் பகுதியில் வெப்பக் கதிரை உணரும் குழிகள் இருக்கின்றன, கொம்புகள் புகையை முகரும். இப்போதுதான் எரிந்து தணிந்த மரத்தின் பட்டைக்குள் அது முட்டையிடும். செத்த மரம் பிசின் விட்டு எதிர்க்காது, போட்டிக்கு வேறு பூச்சியும் இருக்காது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மைதானத்தில் கால்பந்துப் போட்டி பார்க்க வந்தவர்களின் கழுத்தில் இது கடித்துத் தொல்லை கொடுத்தது 1943-ல் பதிவாகியிருக்கிறது. ஆயிரக்கணக்கான பேர் பிடித்த சிகரெட்டின் புகையைக் காட்டுத்தீ என்று நினைத்து வந்திருக்கிறது, பாவம்.

பீகாரிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் வரை

ஹெரால்ட் மாக்ஸ்வெல் லெஃப்ராய் பீகாரின் பூசாவில் இந்திய அரசின் பூச்சியியலாளராக இருந்தவர். இந்தியப் பூச்சிகளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1909-ல் வந்தது. பிற்பாடு லண்டனுக்குத் திரும்பியவரிடம், வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் பழம்பெரும் ஓக் கூரையை அரித்துக்கொண்டிருந்த வண்டை ஒழிக்க வழி கேட்டார்கள். இரவில் நெற்றியை மரத்தில் மோதி 'டிக் டிக்' என்று துணையை அழைக்கும் வண்டு அது. நோயாளிக்குப் பக்கத்தில் கண்விழித்திருப்பவர் காதில் அந்தச் சத்தம் விழுந்தால் சாவு வரும் என்று ஐரோப்பியர் பயந்தார்கள். பல்லி சொன்னால் பலன் பார்ப்பவர்கள் நாம் மட்டும் அல்ல.

லெஃப்ராய் ஒரு மருந்தைக் கண்டுபிடித்தார். அதை விற்க 1925-ல் தொடங்கியதுதான் இன்று உலகமெங்கும் இருக்கும் ரென்டோகில் நிறுவனம். அதே ஆண்டு, ஆய்வுக்கூடத்தில் பூச்சிகளைக் கொல்லும் வாயுவைச் சோதித்துக்கொண்டிருந்தபோது அதன் நஞ்சேறி லெஃப்ராய் இறந்துபோனார்.

அடுப்பில் போகக் கூடாதவை

லெஃப்ராய் கதையிலிருந்து நேராக நம் பூச்சிமருந்து டப்பாவுக்கு வருவோம். குளோர்பைரிபாஸ் போன்ற மருந்தை விறகில் தெளித்தால் மரத்துக்குள் இருக்கும் புழுவுக்கு அது போய்ச் சேராது. மேற்பரப்பில் படிந்து, எரிக்கும்போது புகையாகி உங்கள் மூக்குக்கு வந்து சேரும், சோற்றுக்கும் வரும். விறகுக்கு மருந்து அடிக்கவே கூடாது. இதில் 'கொஞ்சமாக' என்பதற்கும் இடமில்லை. பழைய எஞ்சின் ஆயில் பூசுவதும் அதே ரகம்தான்.

ரயில்வே ஏலத்தில் வரும் பழைய ஸ்லீப்பர் கட்டையும் வேண்டாம், அதில் கிரியோசோட் ஊறியிருக்கும். எரியும்போது சுடர் பச்சையாகத் தெரிந்தால் கட்டையில் தாமிரமோ போரானோ ஏறியிருக்கிறது என்று அர்த்தம். தாமிரம் சேர்ந்த சில மரப் பாதுகாப்பு மருந்துகளில் ஆர்சனிக்கும் உண்டு. உடனே வெளியே இழுத்துப் போடுங்கள்.

பேக்கிங் பலகைகளை விறகாக்குகிறவர்கள் ஒரு முத்திரையைத் தேடுங்கள். கோதுமைக் கதிர் படமும், பக்கத்தில் நாட்டின் குறியீடும் இருக்கும். இந்தியா என்றால் 'ஐ-என்'. அதற்கடுத்து 'எச்-டி' என்று இருந்தால் பலகையின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றிப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள். எரிக்கலாம். 'எம்-பி' என்று இருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சுப் புகையில் வைத்தது, அடுப்புக்கு வேண்டாம். கப்பலில் போகும் மரப் பெட்டிகளுக்கு இந்த உலக விதி 2002-ல் வந்தது. இப்படி ஒரு விதி ஏன் வேண்டும் என்பது அடுத்த செய்தியில் புரியும்.

வண்டியில் பயணம் செய்யும் பூச்சி

அதே 2002-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் அருகே ஆஷ் மரங்கள் காரணம் தெரியாமல் பட்டுக்கொண்டிருந்தன. பட்டையை உரித்தால் பாம்பு நெளிந்த தடம் போல் சுரங்கங்கள். கிழக்காசியாவைச் சேர்ந்த மரகதப் பச்சை வண்டு, சரக்குப் பெட்டிகளின் மரத்தில் ஒளிந்து வந்திருந்தது. தானாகப் பறந்தால் வருடத்துக்குச் சில கிலோமீட்டர்தான் பரவும். மனிதர்கள் உதவினார்கள். காட்டில் கூடாரம் போட்டுத் தங்கப் போகும் குடும்பம் காரின் பின்பக்கம் வீட்டு விறகை ஏற்றிக்கொண்டு போகும். ஒரு ராத்திரி எரித்தது போக மிச்சத்தை அங்கேயே விட்டு வரும். அந்த மிச்சத்திலிருந்து வண்டு கிளம்பும். 30-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் கோடிக்கணக்கான மரங்கள் போயின. நியூயார்க் மாநிலத்தில் சூடேற்றிப் பதப்படுத்தாத விறகை 50 மைலுக்கு மேல் கொண்டுபோவது இன்று சட்டப்படி குற்றம்.

ஜப்பானின் பைன் காடுகளுக்கும் ஏறக்குறைய இதே கதி. 1905-ல் நாகசாகியில் தொடங்கிய பைன் வாடல் நோயை மரத்துக்கு மரம் சுமந்து போவது ஒரு நீள்கொம்பு வண்டு. அதன் உடம்புக்குள் பயணம் செய்யும் நூற்புழுதான் மரத்தைக் கொல்கிறது.

நமக்கு நெருக்கமான கதை தென்னையுடையது. காண்டாமிருக வண்டு 1909-ல் இலங்கையிலிருந்து போன ரப்பர் நாற்றுகளோடு சமோவா தீவில் இறங்கியது. பிறகு பசிபிக் தீவுகள் பலவற்றிலும் இந்த வண்டு பரவியது; 2007-ல் குவாமிலும் 2013-ல் ஹவாயிலும் தென்பட்டது. அந்த வண்டு முட்டையிடுவது எருக்குழியிலும், வெட்டிப் போட்டு மக்கிக்கொண்டிருக்கும் தென்னங்கட்டையிலும். புயலில் விழுந்த தென்னையை 'அப்புறம் விறகாக்கலாம்' என்று தோப்பிலேயே மாதக்கணக்கில் போட்டு வைப்பவர்கள், நிற்கிற மரங்களுக்கு எதிரியை வளர்க்கிறார்கள். பிளந்து காயவைத்து எரித்துவிடுங்கள், அல்லது தோப்பை விட்டு அப்புறப்படுத்துங்கள்.

உளுத்த விறகை வாங்கலாமா?

தாராளமாக. எடைக்கு எடை பார்த்தால் உளுத்த கட்டையும் நல்ல கட்டையும் ஏறக்குறைய ஒரே அளவு சூடு தரும். அடுக்குக் கணக்கில் வாங்கினால்தான் நஷ்டம், ஏனென்றால் உள்ளே பாதி காற்று. "வண்டு விழுந்த கட்டைண்ணே, குறைச்சுப் போட்டுக்கிறேன்" என்று விறகுக் கடைக்காரர் சொன்னால், எடை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தேவையானதை மட்டும் வீட்டுக்குள் எடுத்து வாருங்கள். மீதி வெளியில், சுவரை ஒட்டாமல், நாலு கல் வைத்து அதன்மேல் இருக்கட்டும். மண்ணிலிருந்து எழும்பும் கறையானுக்கு ஓர் அடி உயரமும் காற்றோட்டமும் பெரிய தடை. கல்லில் மண் குழாய் கட்டி ஏறினாலும் கண்ணில் பட்டுவிடும், விளக்குமாறால் தட்டிவிடலாம்.

கையை விடும் முன்

பூச்சிகளால் நமக்குப் பெரிய ஆபத்தில்லை. அவற்றைத் தின்ன வருகிறவர்களால் உண்டு. விறகு அடுக்கில் தேளும் பூரானும் கட்டுவிரியனும் தங்குவது பூச்சியும் பல்லியும் எலியும் அங்கே கிடைப்பதால்தான். செந்தேள் கொட்டினால் இதயம் பாதிக்கப்பட்டுக் குழந்தைகள் இறந்துகொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. மகாராஷ்டிரத்தின் மஹாட் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரை இதற்குப் பலனளிப்பதை 1980-களில் காட்டினார். எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை இருட்டில் விறகின்மேல் அடித்தால் தேள் நீலப் பச்சையாக ஒளிரும். டார்ச் இல்லாதவர்கள் ஒரு குச்சியால் அடுக்கைத் தட்டிவிட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள், அடியில் கையை விட்டு உருவாதீர்கள். இருட்டிய பிறகு குழந்தைகளை விறகெடுக்க அனுப்பவே வேண்டாம். கொட்டிவிட்டாலோ கடித்துவிட்டாலோ கட்டுப்போட்டு மந்திரிக்க நேரம் கடத்தாமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.